பார்த்த கண்களை யார் அழிப்பது?
கைபேசி நேரலையும் மார்க்க ஒழுக்கமும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்கள்தம் குடும்பத்தார், தோழர்கள் யாவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

இம்மாதப் பாடத்தை நமக்கே நேர்ந்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறோம். ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் தம் தவற்றை மறைத்துக்கொண்டு பிறருடைய தவற்றை மட்டும் பேசுவது முறையன்று அல்லவா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்க் குன்றுக்குத் திருச்சாரணத்து மலை என்பது பழம்பெயர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு சமணப் பெரியோர்கள் தங்கிய இடம் அது. பாறையில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டும் அங்கு உண்டு. பின்னாளில் பகவதி கோயிலாகவும் ஆயிற்று. இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. குன்றின் மேல் நின்றால் நாற்புறமும் தென்னையும் ரப்பரும் அடர்ந்த பச்சைப் பரப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். விடுமுறை நாட்களில் எல்லாச் சமயத்தவரும் குடும்பம் குடும்பமாக அங்கு வந்து போகின்றனர்.

சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில் நம் மக்தப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றோம். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்தித்துப் பார்க்குமாறு அல்லாஹுத்தஆலா ஸூரத்துல் அன்கபூத்தின் 20-வது வசனத்தில் ஏவுகின்றான். முன் வாழ்ந்த சமுதாயங்களின் சுவடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் படிப்பினை சொல்ல வேண்டும் என்பதே நம் எண்ணமாக இருந்தது.

உடன் வந்த இளைஞர் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்து, "உஸ்தாதே, லைவ் போடட்டா? கல்ஃபுல உள்ளவங்களும் பாப்பாங்க" என்று கேட்டார். நாம் தலையசைத்தோம். பாறை நிழலில் நின்று பேசத் தொடங்கினோம். சிறிது நேரத்தில் அவர், "நூத்தி எழுபது பேரு பாக்காங்க உஸ்தாதே!" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் நம் குரல் தானாகவே உயர்ந்தது. பிள்ளைகளை மறந்து கைபேசியைப் பார்த்தே பேசலானோம்.

நமக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அதே பாறையின் மறு நிழலில் ஒரு பெண் தம் கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தார். நாமும் பார்க்கவில்லை, படம் பிடித்தவரும் பார்க்கவில்லை. ஆனால் கைபேசி பார்த்தது. வளைகுடா நாடு ஒன்றில், தம் அறை நண்பர்களுடன் அமர்ந்து நம் பயானைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பெண்ணின் உடன்பிறந்த சகோதரரும் பார்த்தார். அப்பெண் குன்றைவிட்டு இறங்குமுன்பே வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

விஷயம் தெரிந்த உடனே படத்தை அழிக்கச் செய்தோம். அடுத்த வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து எல்லாரும் கலைந்தபின் அப்பெண்ணின் வாப்பா நம்மிடம் வந்தார். கோபம் சிறிதும் இல்லை. தலைகுனிந்து நின்று ஒரே ஒரு சொல் சொன்னார்: "அழிச்சாச்சுன்னு சொல்லுதாங்க உஸ்தாதே. பாத்த கண்ண ஆரு அழிக்க?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. கிதாபுகளை மீண்டும் புரட்டினோம். அதன் பயனாக எழுந்ததே இப்பாடம்.

பயணத்தைப் பகிர்வது குற்றமா?

பயணச் செய்தியைப் பிறருக்குச் சொல்வது மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று. தன் இறைவன் அருளிய நிஃமத்தை எடுத்துரைக்குமாறு ஸூரத்துள் ளுஹாவின் இறுதி வசனம் ஏவுகிறது. இப்னு பதூதா 1325-ஆம் ஆண்டு தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டார். உலகின் பெரும்பகுதியைச் சுற்றினார். நம் மஃபர் கரைக்கும் மதுரைக்கும்கூட வந்தார். ஊர் திரும்பிய பின், மொராக்கோ ஸுல்தான் அபூ இனானின் விருப்பப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதி 1355-இல் முடித்ததே அவருடைய பயண நூல். அதனால் பயன் பெறாத நாடில்லை.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடா சென்ற நம்மவர்கள் கடிதம் எழுதினார்கள். எழுத வராதவர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பினார்கள். உம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று தனித்தனியே அனுப்பியவர்களும் உண்டு. கடிதத்தின் வாய் ஒட்டப்பட்டிருந்தது. மேலே ஒரே ஒருவரின் பெயர் இருந்தது.

இப்னு பதூதாவுக்கும் சரி, ஒலிநாடா அனுப்பியவருக்கும் சரி, ஒரு வசதி இருந்தது. நடந்ததற்கும் அதைச் சொல்வதற்கும் நடுவே சற்று அவகாசம் இருந்தது. எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும், யாரிடம் சொல்லலாம், சம்பந்தப்பட்டவர் விரும்புவாரா என்று எண்ணிப் பார்க்க அந்த அவகாசம் உதவியது. நேரலையில் பறிபோவது இந்த அவகாசமே. இதுவே இப்பாடத்தின் மையம் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நேரலை என்பது எவ்வாறு நடைபெறுகிறது?

2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தம் தொப்பியில் ஒரு கேமராவைப் பொருத்திக்கொண்டு, இரவு பகலாகத் தம் வாழ்க்கையை இணையத்தில் ஒளிபரப்பினார். சில மாதங்களில் அவரே அதை நிறுத்திக்கொண்டார். அவர் பெயரால் நடந்த ஒளிபரப்புத் தளமும் 2014-இல் மூடப்பட்டது. ஆனால் அவர் திறந்த வழி மூடப்படவில்லை. 2015-இல் பெரிஸ்கோப் என்ற செயலி வந்தது. அது 2021-இல் நின்றது. 2016-இல் ஃபேஸ்புக் தன் நேரலை வசதியைப் பொதுமக்கள் யாவருக்கும் திறந்துவிட்டது. அதே 2016 செப்டம்பரில் நம் நாட்டில் ஜியோ நிறுவனம் வந்து இணையச் செலவு மிகவும் குறைந்தது. முன்பு தொலைக்காட்சி நிலையத்துக்கு மட்டும் இருந்த ஆற்றல் பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைப் பைக்கு வந்துவிட்டது.

கைபேசி காணும் காட்சி சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு அந்நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து பிரதி எடுக்கப்பட்டு, சில விநாடிகளில் பார்ப்பவர்களின் கைகளுக்குப் போய்ச் சேருகிறது. நேரலை முடிந்ததும் பெரும்பாலும் அது ஒரு படமாக அங்கேயே தங்கிவிடுகிறது. நாம் அழித்தால் அந்நிறுவனத்தின் பக்கத்திலிருந்து நீங்கும். பார்த்தவர்களில் எவரேனும் தம் கைபேசித் திரையைப் பதிவு செய்திருந்தால் அது நம் கைக்கு எட்டாது.

இதற்கு ஒரு துயர உதாரணம் நம் சமுதாயத்திலேயே இருக்கிறது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்களைக் கொடியவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். இரண்டு பள்ளிவாசல்களிலுமாக 51 பேர் ஷஹீதாயினர். அக்கொடுமையை அவன் ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். அதை நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்றும், நீக்கப்படும் முன் மொத்தம் சுமார் 4,000 முறை பார்க்கப்பட்டது என்றும் அந்நிறுவனம் கூறியது. ஆயினும் முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அதன் 15 லட்சம் பிரதிகளைத் தாம் நீக்க நேர்ந்ததாகவும் அதே நிறுவனம் அறிவித்தது. உலகின் மிகப்பெரும் நிறுவனங்களில் ஒன்றே ஒரு படத்தின் பின்னால் இப்படி ஓட வேண்டியிருந்ததென்றால், "பிறகு அழித்துக்கொள்ளலாம்" என்று நாம் சொல்வதற்கு என்ன பொருள் இருக்கிறது? சிந்தித்துப் பாருங்கள்.

முதல் உரிமை: காட்சியில் அகப்படுபவருடையது

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி பெற்று, ஸலாம் சொல்ல வேண்டும் என்று ஸூரத்துந் நூரின் 27-வது வசனம் கட்டளையிடுகிறது. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அடுத்த வசனம் கூறுகிறது. இவ்வனுமதி எதற்காக? ஸஹ்லுப்னு ஸஃது (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். அப்போது அண்ணலார் ஓர் இரும்புச் சீப்பால் தம் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்ப்பது தெரிந்திருந்தால் அச்சீப்பாலேயே அவருடைய கண்ணைக் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் கடுமையாகக் கண்டித்து, பார்வையின் காரணமாகவே அனுமதி கேட்டல் விதிக்கப்பட்டது என்று விளக்கினார்கள்.

கவனியுங்கள். அம்மனிதர் உள்ளே கால் வைக்கவில்லை, எதையும் தொடவில்லை, திருடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அதுவே இத்தனை கண்டனத்துக்கு உரியதாயிற்று. இன்று நம் கையில் இருக்கும் சிறு கண்ணாடித் துவாரமும் அத்தகையதே. அன்று துவாரத்தின் மறுபக்கம் இருந்தது ஒரு கண். இன்று எத்தனை கண்கள் என்பதை நாமே எண்ணிக்கை வைத்து மகிழ்கிறோம்!

"பொது இடத்தில்தானே எடுத்தோம்" என்று சிலர் கூறலாம். நாமும் முதலில் அப்படித்தான் நமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்க இயலாது என்று தோழர்கள் கூறியபோது, பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அது என்ன உரிமை என்று கேட்கப்பட்டபோது அவர்கள் முதலில் சொன்னது பார்வையைத் தாழ்த்துவதைத்தான். அதற்கு அடுத்ததாகப் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதைச் சொன்னார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வீதி பொதுவானதாயினும், வீதியில் நடப்பவருடைய மானம் பொதுச் சொத்தாகிவிடாது என்பது இதனால் விளங்குகிறது.

இந்த உரிமை முஸ்லிமுக்கு மட்டும் உரியதன்று. சிதறாலில் ஒருவர் தம் சமய வழக்கப்படி கைகூப்பி நிற்கும்போது அவர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவதும் தொல்லையே. நம் தொழுகையைப் பிறர் அவ்வாறு காட்சிப் பொருளாக்கினால் நாம் பொறுப்போமா?

நாட்டுச் சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. அந்தரங்கம் அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒருவருடைய மறைவான உடற்பகுதியை அவர் சம்மதமின்றி வேண்டுமென்றே படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இச்சட்டம் வேண்டுமென்றே செய்தவனைப் பிடிக்கிறது. மார்க்கமோ ஒரு படி மேலே செல்கிறது: தெரியாமல் செய்ததன் பாவம் மன்னிக்கப்படலாம், ஆனால் தெரியாமல் செய்ததாயினும் பிறருக்கு உண்டாக்கிய நட்டத்தின் பொறுப்பு நம் தலையில்தான் நிற்கும்.

இரண்டாவது உரிமை: வீட்டாருடையது

ஸூரத்துந் நூரின் 58-வது வசனத்தை நாம் அடிக்கடி ஓதுகிறோம். பொருளை எண்ணிப் பார்க்கிறோமா? ஸுபுஹு தொழுகைக்கு முன், நண்பகலில் மேலாடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுப் பணியாளர்களும் பருவமடையாத சொந்தப் பிள்ளைகளுங்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று அல்லாஹுத்தஆலா கற்பிக்கின்றான். பெற்ற பிள்ளைக்கே இந்த ஒழுக்கம் என்றால், முகம் தெரியாத அந்நியர்களுக்கு அந்நேரத்தில் அறைக் கதவைத் திறந்துவிடுவது எங்ஙனம் பொருந்தும்? விழித்ததும் படுக்கையிலிருந்தே நேரலை தொடங்கும் வழக்கம் நம் இளைஞர்களிடமும் வந்துவிட்டதே என்பதால் இதைச் சொல்கிறோம்.

இன்னொரு ஹதீஸைப் பாருங்கள். நெடும்பயணம் சென்று திரும்புபவர் இரவில் திடீரென்று வீட்டாரிடம் நுழைய வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தலை கலைந்திருக்கும் மனைவி வாரிக்கொண்டு தம்மைச் சீர்செய்துகொள்ள அவகாசம் வேண்டும் என்பதும் அதற்குரிய காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக இது வந்துள்ளது. சொந்தக் கணவருக்கே, சொந்த வீட்டிலேயே, சொல்லாமல் நுழையாதே என்று ஒழுக்கம் கற்பித்த மார்க்கம் நம்முடையது. இன்று நடப்பது என்ன? பிள்ளை கைபேசியுடன் சமையற்கட்டுக்குள் ஓடிவந்து, "உம்மா, லைவ்ல இருக்கேன், ஹாய் சொல்லுங்க" என்கிறான். தலைத்துணி நழுவிய உம்மா முகத்தை எங்கே மறைப்பது என்று தெரியாமல் திகைக்கிறார். அவருக்கு அவகாசம் கொடுத்தவர் யார்?

கணவன் மனைவிக்கிடையே உள்ள அந்தரங்கத்தை வெளியே பரப்புபவர் மறுமையில் அல்லாஹ்விடம் மிக இழிந்த நிலையில் இருப்போரில் ஒருவர் என்ற கருத்துள்ள ஹதீஸ் முஸ்லிமில் வந்துள்ளது. இருவரின் ஊடலையும் கூடலையும் பேசிப் பார்வையாளர்களைச் சேர்க்கும் சானல்கள் பெருகிவரும் இக்காலத்தில் இந்த எச்சரிக்கையை அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

தம் மைந்தர் யூசுப் (அலை) கண்ட கனவை அவருடைய சகோதரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று யஃகூப் (அலை) அவர்கள் எச்சரித்த வரலாறும் குர்ஆனில் உண்டு. நல்ல செய்தியாயினும் எல்லாரிடமும் எந்நேரமும் சொல்லத்தக்கதன்று என்ற பாடம் அதில் இருக்கிறது. "குடும்பத்தோடு மூன்று நாள் ஊட்டியில் இருக்கிறோம்" என்று உலகுக்கு அறிவிப்பவர், தம் வீடு மூன்று நாள் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறார்.

மூன்றாவது உரிமை: அல்லாஹ்வுடையது

செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை என்பது உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி இமாம் தம் கிதாபின் முதலில் வைத்த ஹதீஸ். பிறருக்குக் காட்டுவதற்காகத் தொழுவோரை ஸூரத்துல் மாஊன் எச்சரிக்கிறது. மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்புக்குள்ளாகும் மூவரைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. போரில் உயிர் நீத்தவர், கல்வி கற்றுக் கற்பித்தவர், வாரி வழங்கியவர் ஆகிய மூவரும் மக்களின் புகழை நாடியே செய்தனர் என்று நரகுக்கு இழுத்துச் செல்லப்படுவதை அது விவரிக்கிறது. அம்மூவரில் நடுவே நிற்பவர் ஓர் ஆலிம்! சிதறால் பாறையடியில் "நூத்தி எழுபது பேரு" என்று கேட்டதும் உயர்ந்த நம் குரலை நினைக்குந்தோறும் இந்த ஹதீஸ் நம்மை நடுங்க வைக்கிறது.

பயணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களுள் ஒன்று என்பது திர்மிதீ, அபூதாவூத் முதலிய கிதாபுகளில் காணப்படும் நற்செய்தி. சிதறால் செல்வது கஸ்ருக்குரிய தூரமன்று. ஆயினும் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வது மாபெரும் பயணம். கஃபாவைக் கண்ட முதல் பார்வையில் கையேந்த வேண்டியவர், அக்கையில் கைபேசியை ஏந்தி, "எல்லாரும் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் இழப்பு யாருக்கு? 2017 நவம்பரில் இரு ஹரம் ஷரீபுகளிலும் படமெடுப்பதைத் தடை செய்து சவூதி அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் உள்ளத்துக்கு எந்த அரசும் காவல் நிற்க இயலாது. அதற்கு நாமேதான் காவல்.

பாவத்தைப் பகிரங்கப்படுத்துவது இன்னும் கொடிது. இரவில் ஒருவர் செய்த தவற்றை அல்லாஹ் மறைத்திருக்க, விடிந்ததும் அவரே அதை ஊரறியச் சொல்லி அத்திரையைக் கிழித்துவிடுகிறார் என்றும், அத்தகையோர் மன்னிப்பை இழக்கின்றனர் என்றும் புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து அமைந்துள்ளது. அன்று விடியும்வரையேனும் பொறுத்தனர். நேரலையில் அந்த ஓர் இரவும் இல்லை.

அப்படியாயின் முற்றிலும் கூடாதா?

அவ்வாறு நாம் கூறவில்லை. தொடக்கத்தில் அச்சம்பவத்தின் வேகத்தில், "நேரலை என்பதே தேவையற்ற ஃபித்னா" என்று மிம்பரில் பேசிவிட்டோம். அன்றே ஒரு மூதாட்டி நம் வீட்டுக்கு வந்தார். 2020-இல் கொரோனா காலத்தில் விமானங்கள் நின்றிருந்தபோது அவருடைய கணவர் மவ்த்தானார். மகன்கள் இருவரும் வெளிநாட்டில் இருந்தனர். பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் காட்டியதால்தான் அவர்கள் தம் வாப்பாவின் முகத்தை இறுதியாகப் பார்த்தார்கள். "அதையும் ஹராம்னு சொல்லுதியளா உஸ்தாதே?" என்று கேட்டார். நாம் மவுனமானோம். அடுத்த வாரம் அதே மிம்பரில் நம் சொல்லைத் திருத்திக்கொண்டோம்.

புகைப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ (மறைவு 1935) அவர்கள், அது நிழலைப் பிடித்து வைப்பதேயன்றி உருவம் படைப்பதன்று என்று ஆகுமானதாகக் கூறினார்கள்; மறுத்தோரும் உளர். நேரலையை ஆகுமானதென்று கொள்வோர்க்கும் மேலே கண்ட மூன்று உரிமைகளும் நிபந்தனைகளாகும். ஆகுமான கருவியும் பிறர் உரிமையைப் பறித்தால் ஆகாததாகிவிடும்.

கேள்வியும் விளக்கமும்

கேள்வி: வெளிநாட்டிலுள்ள மகன் ஜனாஸாத் தொழுகையை நேரலையில் பார்த்துத் தொழலாமா?

விளக்கம்: திரையில் தெரியும் இமாமைப் பின்பற்றி ஜமாஅத்தாகத் தொழுவது கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஊரில் இல்லாத மய்யித்துக்காகத் தாம் இருக்கும் ஊரிலேயே காயிபு ஜனாஸாத் தொழலாம். நஜாஷீ மன்னருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் தொழுதது ஆதாரம். ஹனஃபீ மத்ஹபில் அது இல்லை; துஆச் செய்து கொள்ளலாம். மகன்கள் பார்ப்பதற்குப் பொது நேரலை தேவையில்லை. அவர்களுக்கு மட்டும் வீடியோ அழைப்பில் காட்டினால் போதுமானது. மய்யித்தைக் குளிப்பாட்டும் இடத்தில் கைபேசி நுழையவே கூடாது.

கேள்வி: நிக்காஹ் மஜ்லிஸை நேரலையில் காட்டுகிறோம். பெண்கள் பகுதியையும் காட்டலாமா?

விளக்கம்: நிக்காஹைப் பகிரங்கப்படுத்துவது ஸுன்னத். பெண்கள் பகுதியைப் பகிரங்கப்படுத்துவது ஸுன்னத் அன்று. ஆண்கள் பகுதியில் குத்பாவும் ஈஜாபு கபூலும் காட்டுவது போதும். அதையும் வாயிலிலேயே எழுதி வைத்து, விரும்பாதவர் விலகி அமர இடம் செய்து கொடுக்க வேண்டும்.

கேள்வி: சிறு பிள்ளைகளை நேரலையில் பேச வைக்கலாமா?

விளக்கம்: பிள்ளை நம்மிடம் அமானிதம். அதற்குச் சம்மதம் சொல்லும் அறிவு முதிரவில்லை. யூடியூப் நிறுவனமே 2025 ஜூலை 22 முதல் 16 வயதுக்குட்பட்டோர் தனியே நேரலை நடத்துவதை நிறுத்திவிட்டது. இலாபம் நாடும் நிறுவனம் காட்டும் எச்சரிக்கையைப் பெற்றோர் காட்டாதிருக்கலாமா?

கேள்வி: பயணத்தில் கண்டதைக் காட்ட விரும்புபவர் என்ன செய்ய வேண்டும்?

விளக்கம்: படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். வீடு திரும்பி, ஒரு முறை முழுவதும் பார்த்து, பிறர் முகமும் மானமும் சம்பந்தப்பட்டதை நீக்கி, பின்னர் பகிரட்டும். நேரலை தவிர்க்க முடியாததாயின், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் கைபேசியைத் திருப்பி, பின்னால் யார் இருக்கிறார் என்று தாமே நடந்து சென்று பார்த்து, உரக்கச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். இதுவே அக்காலத்தில் வாசலில் நின்று மூன்று முறை ஸலாம் சொன்னதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல். அடியாரின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் நான்காவதாக அவரிடம் பொருத்தம் பெற்றாக வேண்டும். படம் பிடித்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு நாம் அந்த வாப்பாவின் வீட்டுக்குச் சென்றோம். வாசலில் நின்று ஸலாம் சொல்லி அனுமதி கேட்டபோதே நம் கண் கலங்கிவிட்டது. அன்று குன்றில் இதைச் செய்திருந்தால் இன்று இங்கு வர நேர்ந்திருக்காதே!

அப்பெண் திரைக்குப் பின்னிருந்து, "நான் பொருத்துட்டேன். வேற ஒரு பிள்ளைக்கு இப்படி வராம இருக்க நீங்க எழுதுங்க உஸ்தாதே" என்று சொல்லி அனுப்பினார். எந்த ஊர்க்காரர், எந்தக் குடும்பம் என்ற அடையாளம் வராத வண்ணம் எழுதி, முதலில் அவருக்குப் படித்துக் காட்டி, அவருடைய அனுமதி பெற்ற பின்னரே இதை அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். அதற்கு மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரத்தில் இக்கட்டுரையில் இரண்டு இடங்களை அவர் நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டோம்.

பார்த்த கண்களை யாராலும் அழிக்க முடியாது என்பது இப்போது நமக்கு நன்றாகவே தெரிகிறது. இனிப் பார்க்கப் போகும் கண்களைத் தடுப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பொத்தானை அழுத்துமுன் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! பிறர் குறைகளையும் மானத்தையும் மறைத்துக் காக்கும் நற்பண்பை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.